இரண்டு இருக்கை, ஏறும் நிலுவை, எழுதாத துறைத் தேர்வு: ஓர் இளநிலை உதவியாளருக்குப் பதில்

கேள்வி: குரூப் 4 மூலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மாறுதலில் சென்ற ஒருவரின் இருக்கையையும், அதாவது அவர் கவனித்த கோப்பு வேலையையும், நான்கு மாதமாக நானே சேர்த்துப் பார்க்கிறேன். எனக்கு வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டில் நிலுவை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு முறை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அடுத்து 17(பி) ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று சக ஊழியர்கள் பயமுறுத்துகிறார்கள். பதவி உயர்வுக்குத் தேவையான துறைத் தேர்வுகளைத் தகுதிகாண் பருவம் முடிந்த பிறகு எழுதினால் போதும் என்கிறார் மூத்தவர் ஒருவர். அலுவலகத்துக்கு வழக்கமாக வந்துபோகும் வெளியாள் ஒருவர், என் கணினிப் பதிவுகளைத் தானே செய்து தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெல்டா மாவட்டம்

பதில்: உங்கள் கேள்விகளில் கடைசியாக இருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளாதீர்கள், அம்மா. கடவுச்சொல்லை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். மற்றவற்றுக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு. இதற்கு இல்லை.

அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரியும். அவருக்கு நியமன ஆணை கிடையாது, சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. ஆனாலும் காலையில் உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். அப்படியானால் அவருடைய குடும்பம் எதில் நடக்கிறது? பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் வாசலில் காத்திருக்கும் மக்களின் பணத்தில் நடக்கிறது. உங்களுக்கு இலவசமாக உழைப்பதாகச் சொல்லிவிட்டு, உங்கள் கணக்கில் எந்த மனு இன்று நகரும், எது அடுத்த மாதம்வரை கிடக்கும் என்பதை அவர் வெளியே விலை பேசுகிறார். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையினர் வரும் நாளில் அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். கணினியில் உங்கள் பயனர் பெயரும் பதிவு நேரமும் மட்டும் அப்படியே இருக்கும். லஞ்சத்தை வேறொருவர் மூலம் பெறுவதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்தான். ஒரு ரூபாய்கூட நீங்கள் தொடவில்லை என்பதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நிலுவைக்கு ஒரு விளக்கம் எழுதிவிடலாம். கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்ததற்கு எழுத எந்த விளக்கமும் இல்லை.

“எல்லா இருக்கையிலும் இப்படித்தான் நடக்கிறது” என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் உங்களோடு விசாரணைக்கு வரப்போவதில்லை.

அடுத்தது 17(பி). விளக்கம் கேட்கும் குறிப்பாணை தண்டனை அல்ல. ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைகளுக்கான வழி. 17(பி) என்றால் குற்றச்சாட்டுகளை வரையறுத்து, விசாரணை அலுவலரை நியமித்து, உங்கள் தரப்பையும் கேட்டு நடக்கும் முழு விசாரணை. அது நிலுவையில் இருந்தால் தகுதிகாண் பருவ நிறைவும் பதவி உயர்வும் நின்றுவிடும் என்பது உண்மை. அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் வேலை அதிகமாகித் தேங்கிப்போனதற்காக மட்டும் 17(பி) வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர், தேங்கியதை மறைக்கப்போய் மாட்டிக்கொண்டவர்கள். தபாலைப் பதிவேட்டில் ஏற்றாமல் மேசைக்குள் போட்டு வைத்தவர்கள், முன் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கியவர்கள், கோப்பு காணாமல் போனதைச் சொல்லாமல் விட்டவர்கள். நிலுவை எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தால் தெரியட்டும். வந்த தபால் ஒவ்வொன்றும் அன்றே தன்பதிவேட்டில் ஏற வேண்டும்.

குறிப்பாணைக்கு உரிய நாளுக்குள் பதில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து இரண்டு இருக்கை பார்க்கிறீர்கள், மாதம் எத்தனை தபால் வருகிறது, எத்தனை முடித்தீர்கள், மீதியை எந்தத் தேதிக்குள் எப்படி முடிப்பீர்கள் என்று எண்களோடு எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கி வீட்டில் வையுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அந்த இரண்டாவது இருக்கையை எழுத்து மூலமான ஆணையோடு ஏற்றீர்களா? முன்னவரிடமிருந்து பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் வாங்கினீர்களா? இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். “நீயே பார்த்துக்கொள்” என்று வாயால் சொல்லியிருப்பார்கள். பீரோ சாவி உங்கள் மேசைக்கு வந்திருக்கும். புதிதாகச் சேர்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். சாவியை வாங்கிய நாளிலிருந்து அந்த பீரோவில் இல்லாத கோப்புக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சில ஆண்டு கழித்து ஒரு நில வழக்கில் பழைய கோப்பு கேட்பார்கள். அதற்குள் முன்னவர் ஓய்வூதியப் பலன்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டு போயிருப்பார்.

நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இப்போதும் செய்யலாம். தன்பதிவேட்டில் இன்னும் முடியாமல் திறந்திருக்கும் ந.க. எண்களை (கோப்பு எண்களை) வரிசையாக எழுதி, கோப்பு கைக்குக் கிடைத்ததா இல்லையா என்று எதிரே குறியுங்கள். கிடைக்காதவற்றைத் தனிப் பட்டியலாக்கித் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியருக்கு ஒரு குறிப்பாக வையுங்கள். கூடுதல் பொறுப்புக்கு ஆணை வழங்கும்படி அதே குறிப்பில் பணிவாகக் கேளுங்கள். அவருக்கு எரிச்சல் வரலாம். வந்தாலும் தேதியோடு ஓர் இனிஷியல் வாங்கிவிடுங்கள். இனி வாட்ஸ்அப்பிலோ வாயாலோ உத்தரவு வந்தால், “இன்ன தேதியில் அறிவுறுத்தியபடி” என்று கோப்பின் குறிப்புப் பக்கத்தில் ஒரு வரி எழுதிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

நிலுவையை எப்படிக் குறைப்பது? ஒரு சனிக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். விடுமுறை நாளில் வேலை பார்க்கச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. காலியிடத்தை நிரப்பாமல், இருப்பவர் தலையில் இரண்டு ஆள் வேலையைக் கட்டிவிட்டு, நிலுவைக்கு விளக்கம் கேட்கும் நிர்வாகம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அது இந்த மாதம் திருந்தப்போவதில்லை. உங்கள் நிலுவையை நீங்கள் இந்த மாதமே குறைத்தாக வேண்டும்.

நிலுவை என்று பதிவேட்டில் தெரிவதெல்லாம் வேலை அல்ல. வேலை முடிந்தும், கோப்பை மூடுவதற்கான முடிவு எண் போடாமல் விட்ட கோப்புகள் நிச்சயம் இருக்கும். அவற்றை முதலில் மூடுங்கள். ஒரே மனிதர் ஒரே குறையைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு முறை, ‘முதல்வரின் முகவரி’யில் ஒரு முறை, மாவட்ட ஆட்சியருக்குத் தபாலில் ஒரு முறை என்று அனுப்பியிருப்பார். மூன்று எண், ஆனால் வேலை ஒன்று. அவற்றைப் பழைய கோப்போடு இணைத்து, ஒரே பதிலில் மூன்று எண்ணையும் குறிப்பிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரோ வருவாய் ஆய்வாளரோ அறிக்கை தராததால் நிற்பவற்றுக்கு நினைவூட்டு அனுப்பித் தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதன்பின் தாமதம் யாரிடம் என்பது பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். நீதிமன்றத் தீர்ப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவற்றை உத்தரவு பெற்று, நீண்ட நாள் காத்திருக்கும் கோப்புகளுக்கான தனிப் பதிவேடான கால் புக்குக்கு மாற்றுங்கள். இதெல்லாம் போக எஞ்சுவதுதான் உங்கள் உண்மையான வேலை. அதில் பழையதிலிருந்து தொடங்கி நாளுக்கு இரண்டு கோப்பு என்று வையுங்கள். காலையில் புதுத் தபாலைப் பதிந்த உடனே இந்த இரண்டையும் எடுங்கள். பிற்பகலில் அவசரப் புள்ளிவிவரம் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். ஒரே விவரத்தை மூன்று படிவத்தில், மூன்று அலுவலகத்துக்கு, அதே மாலைக்குள் கேட்கும் வழக்கத்தை யார்தான் நிறுத்துவார்களோ தெரியவில்லை.

பழையது முதலில் என்ற இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இளநிலை உதவியாளர்கள் இதைப் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொதுத் தகவல் அலுவலர் வேறொருவர், அபராதம் வந்தாலும் அவருக்குத்தானே வரும் என்று நினைத்து மனுவை அடியில் வைத்துவிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படியுங்கள். பொதுத் தகவல் அலுவலர் தன் கடமைக்காக வேறோர் அலுவலரின் உதவியைக் கேட்கலாம். அப்படிக் கேட்கப்பட்டவரும் அந்த விஷயத்தில் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். அதாவது “இந்தத் தகவலைத் தருக” என்ற குறிப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டால் தாமதத்தின் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. காலம் 30 நாள். உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் சார்ந்த தகவலென்றால் 48 மணி நேரம். நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

30 நாள் என்பது அலுவலகத்துக்கு மனு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. உங்களிடம் வரும்போது பாதி நாள் கழிந்திருக்கும். எனவே உங்கள் கைக்கு வந்த தேதியை அந்தக் குறிப்பிலேயே எழுதி ஒப்பமிடுங்கள். கேட்ட தகவல் உங்கள் இருக்கையில் இல்லையென்றால் அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மௌனத்தால் அந்த ஐந்து நாளும் போய்விடக் கூடாது. நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், அனுப்பிய நாள் முதல் பணம் கட்டும் நாள்வரை 30 நாள் கணக்கில் சேராது. ஆகவே பக்கங்களை முதல் வாரத்திலேயே எண்ணிக் கொடுங்கள். 30 நாள் கடந்தால் தகவலை இலவசமாகவே தர வேண்டும்.

துறைத் தேர்வுக்கு வருவோம். தகுதிகாண் பருவம் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மூத்தவர் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குப் பின் வந்தவர்கள் பதவி உயர்வுப் பட்டியலில் முன்னால் போவார்கள். பட்டியலுக்கு ஒரு குறிப்பு நாள் உண்டு. அதற்குப் பிறகு தேர்ச்சி பெற்றால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரு முறை துறைத் தேர்வு நடத்துகிறது. மே மாதம் ஜமாபந்தி எனும் ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை வேலையோடு மோதும். டிசம்பர் உங்கள் மாவட்டத்தில் மழை, வெள்ள நிவாரணத்தோடு மோதும். ஓய்வான பருவம் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எதுவும் வராது. அதனால் ஒரு பருவத்துக்கு இரண்டு தாள் மட்டும் எடுங்கள். அலுவலக நடைமுறைத் தேர்விலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தினமும் எழுதும் தன்பதிவேடுதான் அங்கே பாடம். சில தாள்களுக்குப் புத்தகத்தோடு எழுதலாம். எவை என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் அனுமதி என்பதற்காகப் படிக்காமல் போகாதீர்கள். எந்தப் பக்கத்தில் எது என்று தெரியாதவர் தேர்வு நேரம் முழுவதும் தேடிக்கொண்டேதான் இருப்பார்.

பணம் கொடுத்தால் தேர்ச்சி உறுதி என்று யாராவது வந்தால் எழுந்து போய்விடுங்கள். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டுக்காக 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதே தேர்வாணையம்தான் இதையும் நடத்துகிறது. பட்டம் முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு என்று சொல்லி அஞ்சல்வழிப் படிப்பு விற்கும் முகவர்களையும் நம்பாதீர்கள். உயர்கல்விக்கான அந்த முன் ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது.

புதிய அரசு ஊழியர்களுக்குப் பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். “ஆள் இல்லை, அடுத்த அணியில் போகலாம்” என்று நிறுத்தப் பார்ப்பார்கள். பயிற்சி முடியாததால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும்போது அதே அலுவலகம் உங்களுக்காக ஒரு வரியும் எழுதாது. விடுவிக்க மறுத்தால், மறுக்கும் காரணத்தை எழுத்தில் தரும்படி மனுக் கொடுங்கள். எழுதக் கேட்டாலே பலர் விடுவித்துவிடுவார்கள்.

தேர்ச்சி பெற்றதும், முடிவு வெளியான தேர்வாணையச் செய்தி வெளியீட்டின் நகலோடு பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். பதிந்தார்களா என்று ஆண்டுக்கு ஒரு முறை பதிவேட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். டிசம்பர்த் தேர்வு அறிவிக்கை வந்ததும் கடைசி நாளுக்குக் காத்திராமல் அந்த இரண்டு தாளுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.