ரோமில் நடப்பது இலவசம், உட்காருவதுதான் செலவு

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக மிலன் போகிறேன். பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் ரோமில் தனியாகச் சுற்றலாம் என்று இருக்கிறேன். கையில் பணம் கொஞ்சம்தான். மணி பார்த்து ஓடுவது எனக்குப் பிடிக்காது, கால் போன போக்கில் நடக்கத்தான் ஆசை. "திட்டமில்லாமல் போனால் கொலோசியத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வருவாய்" என்கிறார்கள் தோழிகள். நான் சைவம் வேறு. என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: தோழிகள் சொல்வது பாதி சரி. முன்பதிவு செய்தே ஆகவேண்டியவை மூன்று. மிலனிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். முன்கூட்டியே எடுத்தால் மலிவு, அன்றன்று எடுத்தால் கட்டணம் எகிறிவிடும். அடுத்தது தங்குமிடம். விசாவுக்கே அதைக் காட்டியிருப்பீர்கள். மூன்றாவது கொலோசியம். டிக்கெட்டில் உங்கள் பெயரும் உள்ளே போகும் நேரமும் இருக்கும், பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். இந்த மூன்றையும் முடித்துவிட்டால் மிச்ச நேரமெல்லாம் உங்களுடையது.

கொலோசியத்துக்குள் போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வெளியே ஒரு சுற்று வாருங்கள். அப்புறம் கம்பிதோல்யோ குன்றின் மேல் ஏறி, அங்குள்ள சதுக்கத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால், பழைய ரோமாபுரியின் ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்தின் இடிபாடுகள் முழுவதும் காலடியில் கிடக்கும். காசே கிடையாது.

இனி பணம். அந்த ஊரில் எவ்வளவு நடந்தாலும் செலவில்லை. உட்கார்ந்தால்தான் பர்ஸ் திறக்கும். காபிக் கடையில் கவுண்டரில் நின்றபடி குடித்தால் எஸ்பிரஸ்ஸோ என்ற சின்னக் கோப்பைக் கடுங்காபி ஒரு யூரோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதையே சதுக்கத்தைப் பார்த்தபடி மேசையில் உட்கார்ந்து குடித்தால் பல மடங்கு. உள்ளூர்க்காரர்கள் நின்றே இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, அந்தச் சீட்டைக் கவுண்டரில் காட்ட வேண்டும். சரி, படிக்கட்டில் உட்காரலாமே என்றால், ஸ்பானிஷ் படிகளில் 2019 முதல் அதற்கும் தடை. அபராதம் 250 யூரோ வரை போகும்.

காசில்லாமல் உட்கார நல்ல இடம் தேவாலயங்கள். அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டிய ஓவியங்கள் அங்கே சும்மா தொங்குகின்றன. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃபிராஞ்சேசி என்று ஒரு தேவாலயம். உள்ளே இடது பக்கம், பலிபீடத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் கரவாஜ்ஜியோ என்ற இத்தாலிய ஓவியர், இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள். ஒன்றில், வரி வசூலிக்கும் மேசையைச் சுற்றி ஆட்கள். வலது பக்கமிருந்து ஒளியோடு உள்ளே வந்த இயேசு, மத்தேயுவை அழைத்துக் கை நீட்டுகிறார். மேசைக் கோடியில் ஒரு பையன் தலையே நிமிராமல் காசு எண்ணிக்கொண்டிருக்கிறான்! நான் அவனைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். இருட்டாக இருந்தால் காசு போட்டு விளக்கெரிக்கும் பெட்டியைத் தேடுங்கள். பொறுத்திருந்தால் வேறு யாராவது போடுவார்கள், தப்பில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான்தகொஸ்தீனோ தேவாலயம். அங்கேயும் ஒரு கரவாஜ்ஜியோ: மாதாவின் முன் மண்டியிட்ட இரண்டு ஏழை யாத்திரிகர்கள். நம் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பது அவர்களில் ஆணின் அழுக்குப் பாதங்கள். நாளெல்லாம் நடந்துவிட்டுப் போய் இதைப் பார்க்க வேண்டும். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலைக்கும் டிக்கெட் கிடையாது, அது சான் பியெத்ரோ இன் வின்கோலியில் இருக்கிறது. பெரும்பாலான தேவாலயங்கள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் பூட்டிக்கிடக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா போதும். பழங்கால ரோமானியக் கோவிலான பாந்தியன் இலவசம் என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் கொண்டுவந்துவிட்டார்கள். கொடுக்கலாம், மழை நாளாக இருந்தால் இன்னும் விசேஷம். கூரையின் நடு வட்டம் திறந்தே இருப்பதால் மழை உள்ளேயே பெய்து, தரையிலுள்ள துளைகள் வழியே வடியும்.

தொலைந்துபோவோமோ என்று பயப்பட வேண்டாம். போபொலோ சதுக்கத்திலிருந்து வெனிசியா சதுக்கம் வரை கோர்சோ தெரு நேர்கோடாக ஓடுகிறது. அதற்கு மேற்கே டைபர் ஆறு வளைந்து போகிறது. இரண்டில் ஒன்று தட்டுப்படும்வரை எந்தச் சந்திலும் நுழையுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு ஜனிகோலோ குன்றில் இருந்தால் தினமும் சுடும் பீரங்கியைப் பார்க்கலாம். ஊர் முழுக்கத் தெரியும் இடம் அது. அங்கே உட்காரவும் காசு கேட்க மாட்டார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு நசோனே என்ற இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். 1874-இல் ஆரம்பித்த ஏற்பாடு. வளைந்த மூக்கின் கீழ்வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே தண்ணீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு எடை போட்டு விற்கும் பீட்சாக் கடைகள். கையால் அளவு காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். உருளைக்கிழங்கு பீட்சா, தக்காளி மட்டும் தடவிய பீட்சா இரண்டும் சைவம்தான். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். மிளகும் சீஸும் போட்ட காச்சோ எ பேப்பே பாஸ்தா நம் நாக்குக்கு ஒத்துவரும். ஆனால் அதிலுள்ள பெக்கொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டால் உறைய வைப்பது வழக்கம். கண்டிப்பான சைவம் என்றால் வேண்டாம்.

தனியாகப் போவதால் இன்னொன்று. தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போனது. கூட்டம் பிதுங்கினால் ஏறாதீர்கள். அந்த தூரத்தையும் நடந்தே போய்விடலாம்.