போக்கர் டோர்னமென்ட்: அதிர்ஷ்டமா, ஆட்டமா? (கடிதம்)

வணக்கம்.

900 பேர் அளவில் கலந்துகொள்ளும் நோ-லிமிட் ஹோல்டெம் (எப்போது வேண்டுமானாலும் கையிலுள்ள சிப் முழுவதையும் பந்தயம் வைக்கக்கூடிய போக்கர் வகை) டோர்னமென்ட்களை ஆடி வருகிறேன். இதுவரை 340. எல்லாம் ஒரே பை-இன் (நுழைவுப் பணம்). அதன் மேல் பத்து சதவீதம் கட்டணம். ஆரம்பத்திலேயே, முப்பதாவது டோர்னமென்ட்டில் முதலிடம் வந்து 150 பை-இன் கிடைத்தது. பிறகு ஓர் ஐந்தாமிடம் (45 பை-இன்), ஓர் ஏழாமிடம் (25). இவை தவிர 38 முறை பரிசு வரிசைக்குள் நுழைந்திருக்கிறேன். அத்தனைக்கும் சேர்த்து 76 பை-இன்தான் வந்தது. ஜெயித்த பணம் முழுக்கக் கரைந்து, கைக்காசிலும் 78 பை-இன் போய்விட்டது. கடைசி 28 டோர்னமென்ட்களில் ஒரு பைசா இல்லை. ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு கிங் ஜோடியிடம் தோற்கிறேன்.

எனக்கு நேரம் சரியில்லையா, ஆடத் தெரியவில்லையா? பை-இன்னை இரட்டிப்பாக்கி விட்டதைப் பிடிக்கலாமா? நண்பர் ஒருவர் பணம் போடுகிறேன், லாபத்தில் பாதி கொடு என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

சரவணன்

*

அன்புள்ள சரவணன்,

எண்களோடு எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பெரும்பாலானவர்கள் ஏஸ் ஜோடி உடைந்த கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏஸ் ஜோடி கிங் ஜோடியிடம் ஐந்தரை தடவைக்கு ஒருமுறை தோற்கும். 80 சதவீத வாய்ப்புள்ள ஆல்-இன்களை (கையிலுள்ள சிப் முழுவதையும் பந்தயம் வைக்கும் ஆட்டங்களை) அடுத்தடுத்து ஐந்து முறை தாண்டிவிட வாய்ப்பு 33 சதவீதம்தான். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. விஷயம் மற்ற எண்களில் இருக்கிறது.

முதலில் அந்த 28. நீங்கள் 340-இல் 41 முறை, அதாவது 12 சதவீதம் பரிசு வரிசைக்குள் வந்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்ப 88 சதவீத வாய்ப்பு. 0.88-ஐ 28 முறை பெருக்கினால் நூற்றுக்கு மூன்றை நெருங்கும். கேட்க அபூர்வம்போல இருக்கும். ஆனால் 41 பரிசுகளில் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு வறட்சி தொடங்கலாம். 41 தடவை நூற்றுக்கு மூன்று என்றால், 340 டோர்னமென்ட்களுக்குள் இப்படியொரு 28 சராசரியாக ஒருமுறை வரும். உங்களைப்போல ஆடும் மூன்று பேரில் இருவர் இதைச் சந்தித்திருப்பார்கள். அது கடைசியில் வந்து நிற்பதால்தான் உங்களைக் குடைகிறது.

இதே கணக்கை அந்த முதலிடத்துக்கும் போடுங்கள். 900 பேரில் துல்லியமாகச் சராசரியாக ஆடும் ஒருவர் 340 முறை உட்கார்ந்தால், ஒருமுறையாவது ஜெயிக்க வாய்ப்பு 31 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு. அந்த வெற்றி திறமைக்குச் சாட்சி ஆகாது. டோர்னமென்ட்டில் இறக்கத்தைவிட ஏற்றமே ஆளை அதிகம் கெடுக்கிறது என்பது என் அபிப்பிராயம். தோற்கிறவன் சந்தேகப்படுவான், எதையாவது சரிபார்ப்பான். 150 பை-இன் ஜெயித்தவன் அடுத்த நூற்றைம்பது ஆட்டம் வரைக்கும் எதையும் சரிபார்க்க மாட்டான். கையில் பணம் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்து நிகர நஷ்டம். 340 நுழைவுக்குக் கட்டணம் சேர்த்து 374 பை-இன் கட்டியிருக்கிறீர்கள், 296 திரும்ப வந்தது. கழித்தால் 78. (ரீ-என்ட்ரி, அதாவது வெளியேறிய பின் மறுபடி பணம் கட்டி நுழைந்த ஒவ்வொரு முறையையும் தனி நுழைவாக எண்ணினீர்களா? இல்லையென்றால் நஷ்டம் இன்னும் கூடுதல். அந்தக் கணக்கை முதலில் நேராக்குங்கள்.) சராசரி ஆட்டக்காரர் கட்டணத்துக்கே 34 பை-இன் இழந்திருப்பார். நீங்கள் அவரைவிட 44 பின்னால். ஆனால் இந்த அளவுப் போட்டியில், உங்களுடையது போன்ற பரிசுப் பங்கீட்டில், ஒரு டோர்னமென்ட்டின் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏழு பை-இன்னுக்கு மேல். 340 ஆட்டத்துக்கு அது 135 பை-இன் ஆகிறது. அந்த அலையில் 44 என்பது நுரை. நீண்டகாலத்தில் 20 சதவீத லாபம் எடுக்கக்கூடிய நல்ல ஆட்டக்காரரும், இதே 340-இல் உங்களைப்போல 78 கீழே நிற்க ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே பண வரைபடத்தைப் பார்த்து நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதிர்ஷ்டத்தின் கை குறைவாக எட்டும் இடத்தை.

உங்கள் பரிசுகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். 900 பேரில் முதல் மூன்று இடங்களுக்குள் ஒரு சராசரி ஆள் 340 ஆட்டத்தில் 1.1 முறை வருவார். நீங்கள் ஒருமுறை. நான்கிலிருந்து ஒன்பது வரை அவர் 2.3 முறை. நீங்கள் இருமுறை. ஆக, மேல்மட்டத்தில் உங்களுக்கு நேரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்றும் குறை சொல்ல முடியாது. இடிப்பது அதற்குக் கீழே. 135 பேருக்குப் பரிசு என்றால் சராசரியாக 51 முறை உள்ளே வந்திருக்க வேண்டும், வந்தது 41. பத்தாவது இடத்திலிருந்து கீழே உள்ள 126 பேர் மொத்தப் பரிசில் சுமார் 40 சதவீதத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், தலைக்குச் சராசரி 2.9 பை-இன். உங்கள் 38 பரிசின் சராசரி இரண்டு. குறைவாக உள்ளே போகிறீர்கள், போனதும் உடனே வெளியேறுகிறீர்கள். 51-க்கும் 41-க்கும் உள்ள வித்தியாசம் திட்ட விலக்கத்தில் ஒன்றரை மடங்கு. நிரூபணம் அல்ல, ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பவற்றில் இதுதான் காது கொடுக்கத்தக்க தகவல்.

கடைசிப் படிப் பரிசால் யாரும் பிழைக்க முடியாது. 2023 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவெண்ட்டில் 10,043 பேர் ஆடினார்கள். வென்றவருக்கு 1.21 கோடி டாலர். கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு, 10,000 டாலர் நுழைவுக்கு 15,000. நான்கில் ஒருமுறை உள்ளே வந்து ஒவ்வொரு முறையும் இரண்டு பை-இன் எடுத்தாலும், 1.1 போட்டு 0.5 எடுக்கிறீர்கள்.

இப்போது ஓட்டையைத் தேடுவோம். அந்த 41 முறையும் பபிள் உடைந்த கணத்தில் (பரிசு வரிசைக்கு முந்தைய கடைசி ஆள் வெளியேறிய கணத்தில்) உங்களிடம் எத்தனை பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவுக்குச் சிப் இருந்தது? ஹேண்ட் ஹிஸ்டரியில் (ஆடிய கைகளின் பதிவில்) இருக்கும், எடுத்து எழுதுங்கள். பெரும்பாலும் எட்டுக்குக் கீழே என்றால் நோய் ஒன்று. இருபதுக்கு மேலே இருந்தும் உடனே வெளியேறினீர்கள் என்றால் நோய் வேறு.

முதல் நோய், காத்திருப்பது. ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1000, அதோடு பிக் பிளைண்டில் இருப்பவர் தனியாகப் போடும் ஆன்டி 1000 என்று வையுங்கள். சீட்டு போடும் முன்பே நடுவில் 2500. உங்களிடம் 12,000. இதை 2500-ஆல் வகுத்தால் 4.8 வரும். இதற்கு ‘எம்’ என்று பெயர். பேக்கமன் விற்பன்னர் பால் மாக்ரியலின் பெயரிலிருந்து வந்த எழுத்து. சும்மா உட்கார்ந்திருந்தால் ஐந்து சுற்றுகூட முழுதாகத் தாங்காது என்று அர்த்தம். ஸ்மால் பிளைண்டில் இருக்கிறீர்கள், முன்னால் எல்லாரும் ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகல்). கால் செய்யப்பட்டால் (எதிராளியும் அதே தொகையைப் போட்டு ஏற்றால்) 35 சதவீதப் பங்கே உள்ள ஒரு சுமாரான கையோடு ஆல்-இன் போகிறீர்கள். கால் வந்தால் நடுவில் 25,000. உங்கள் பங்கு 8750, ஃபோல்ட் செய்திருந்தால் இருக்கும் 11,500-ஐவிட 2750 குறைவு. ஃபோல்ட் வந்தால் 2500 கூடுதல். பிக் பிளைண்டில் இருப்பவர் 52 சதவீதம் ஃபோல்ட் செய்தாலே போட்டது திரும்பிவிடும். அவரோ 11,000 கூடுதலாகப் போட்டுக் கால் செய்ய 44 சதவீதப் பங்குள்ள கை வேண்டும். நிறைய கைகளை விட்டுவிடுவார்.

நல்ல சீட்டு வரட்டும் என்று 6000 ஆகும்வரை காத்திருந்தால் அவருக்கு 38 சதவீதம் போதும். 4000-க்கு இறங்கினால் 33. அந்த விலைக்கு ஏறக்குறைய எந்த இரண்டு சீட்டோடும் கால் செய்வார், சரியாகவே செய்வார். உங்கள் கை மோசமாகவில்லை, மிரட்டும் பலம் போய்விட்டது. 12,000-இல் ஒருமுறை பிளைண்டைத் தூக்கினால் ஸ்டாக் (சிப் கையிருப்பு) ஐந்தில் ஒரு பங்கு வளர்கிறது. கடைசிப் படியில் வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றைத்தான் பத்து, பன்னிரண்டு முறை தவறவிட்டிருப்பார்கள்.

இரண்டாவது நோய், பபிளில் கால் செய்வது. நான்கு பேர், மூவருக்குப் பரிசு, 50-30-20 என்று சிறிய உதாரணம். நால்வரிடமும் சமமான சிப். ஐசிஎம் கணக்கில் (சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் கணக்கு) ஒவ்வொருவரின் ஸ்டாக்கும் 25 மதிப்பு. ஒருவர் ஆல்-இன் சொல்கிறார், நீங்கள் கால் செய்து ஜெயித்தால் சிப் இரண்டு மடங்கு. மதிப்பு 50 ஆகுமா? ஆகாது, 38.3 தான். தோற்றால் பூஜ்யம். 25-ஐ 38.3-ஆல் வகுத்தால் 65 சதவீதம். பிளைண்டில் ஏற்கெனவே போட்டதைக் கணக்கில் எடுத்தால் இது கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. குயின் ஜோடிக்கு எதிராக 43-லிருந்து 46 சதவீதம் வைத்திருக்கும் ஏஸ்-கிங்கை அங்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும். ‘இந்தக் கையை எப்படி ஃபோல்ட் பண்றது’ என்பவர்கள் பரிசு எண்ணிக்கையில் பின்தங்குவது இதனால்தான்.

இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள். பபிளில் இறுக்க வேண்டியது ‘கால்’ செய்வதை, ஆல்-இன் சொல்வதை அல்ல. உங்களைக் கால் செய்யப் பயப்படும் நடுத்தர ஸ்டாக்குகள் மேல் தாராளமாகப் பாயலாம். உங்களைவிடப் பெரிய ஸ்டாக் பிளைண்டில் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் பதிவு செய்யும் முறையை மாற்றுங்கள். லாப நஷ்டத்தோடு நான்கு கட்டங்கள் கூடுதலாகப் போதும்: எத்தனை பேர், எந்த இடம், பபிளில் எத்தனை பிக் பிளைண்ட், வெளியேறிய கையில் யார் ஆல்-இன், யார் கால். சந்தேகமான கையை முடிவு தெரிவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் குறித்தால் தோற்றவை மட்டுமே பட்டியலில் ஏறும். தப்பாகக் கால் செய்து ஜெயித்த கைகள் அப்படியே ஒளிந்துகொள்ளும்.

பை-இன்னை இரட்டிப்பாக்குவது வேண்டாம். 900 பேர் போட்டிக்குக் குறைந்தது 200 பை-இன் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், அதுவும் இழந்தால் வீட்டுச் செலவைத் தொடாத பணமாக. உங்களுக்குப் பை-இன் அளவைவிடக் கூட்டத்தைக் குறைப்பது உதவும். 100 பேர் டோர்னமென்ட்டில் திட்ட விலக்கம் நான்கு பை-இன் அளவில்தான் இருக்கும். பபிளும் ஃபைனல் டேபிளும் அடிக்கடி வருவதால் மேலே சொன்ன இரண்டையும் பழக இடம் கிடைக்கும். ஒரே நேரத்தில் ஆறு டேபிள் திறந்து வைக்கிற பழக்கம் இருந்தால் இரண்டாக்குங்கள். டில்ட் (தோற்ற எரிச்சலில் நிதானம் இழப்பது) பற்றி ஒன்றே ஒன்று: வெளியேறிய ஐந்து நிமிடத்துக்குள் திட்டத்தில் இல்லாத அடுத்த டோர்னமென்ட்டில் பதிவு செய்தீர்களா என்று பாருங்கள். பதிவு நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நண்பர் விஷயம். ‘லாபத்தில் பாதி’ என்றால் மேக்-அப் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் முந்தைய நஷ்டம் முழுவதும் அடைபட்ட பிறகுதான் பங்கீடு. 100 பை-இன் பள்ளத்தில் இருக்கும்போது ஒரு டோர்னமென்ட்டில் 150 லாபம் வந்தால், உங்களுக்கு வருவது 25. நடுவில் நீங்கள் நிறுத்தினால் அந்த 100 என்ன ஆகும்? கடனா, தள்ளுபடியா? ரீ-என்ட்ரிக்கு யார் பணம்? இவற்றை எழுதி வைக்காமல் தொடங்கினால் நட்பு போகும். அதைவிட எளிது, ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் பாதிப் பங்கை வாங்கிய விலைக்கே அவருக்கு விற்பது. 1.1-இல் 0.55 அவர் தருவார், வருவதில் பாதி அவருக்கு, அன்றோடு கணக்கு முடிந்தது. விலைக்கு மேல் எதுவும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்பதற்கான ஆதாரம் இந்த 340-இல் இல்லை.