ஹெட்ஃபோனில் கணீரென்று கேட்கும் பேஸ், மேடையில் எங்கே போகிறது?

கேள்வி: ஃபோர் ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கையடக்கமான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (பலவித ஒலி மாற்றங்களை ஒரே பெட்டியில் தருவது) ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கும் ஒலி, மேடையில் டிரம்ஸுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. சேமித்து வைத்த ஒலி அமைப்புகளில், அதாவது பேட்ச்களில், ஒன்று சத்தமாகவும் அடுத்தது மெதுவாகவும் வருகிறது. போன நிகழ்ச்சியில் மிக்சரில் நேரடியாகச் செருகியபோது ஒலியே வரவில்லை. ஆனால் அதே துளையில் ஹெட்ஃபோனைச் செருகினால் நன்றாகக் கேட்டது. ஆம்ப் இல்லாமல் இந்தப் பெடலை மட்டும் நம்பி மேடையேறலாமா?

பதில்: தாராளமாக ஏறலாம். மிக்சரில் ஒலி வராமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் பெடல் அல்ல, கேபிள். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெடலுக்குள் நூறு பேட்ச் இருக்கலாம். மேடைக்கு அவ்வளவும் வேண்டாம். ஒரே ஒரு அடிப்படை ஒலி, அதன் மேல் தேவைப்படும்போது மிதித்துச் சேர்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று நிறங்கள், அவ்வளவு போதும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு ஒலியைச் சரியாக அமைப்பதற்காகத்தான்.

காணாமல் போன ஒலி

சிறிய பெடல்கள் பலவற்றில் அவுட்புட்டும் ஹெட்ஃபோனும் ஒரே துளைதான். அது ஸ்டீரியோ: ஜாக்கின் நுனியில் இடது சேனல், நடு வளையத்தில் வலது சேனல். இதில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஸ்டீரியோ ஜாக்கைச் செருகி, மறுமுனையை மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் கொடுத்தால் வில்லங்கம் ஆரம்பம். அந்த இன்புட், நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மீதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி வரும், அது கழிந்து போகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் பேஸும் இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆகவே அதுவும் கழிந்து ஒன்றுமில்லாமல் போகிறது. கோரஸ், ரிவர்ப் மாதிரி ஸ்டீரியோ எஃபெக்ட் ஏதாவது போட்டிருந்தால் அடிநாதம் மறைந்து மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்கும். ஹெட்ஃபோன் இரண்டு சேனலையும் தனித்தனியாக ஒலிப்பதால் அதில் குறையே தெரியாது.

தீர்வு எளிது. ஒரு கறுப்புக் கோடு உள்ள சாதாரண மோனோ கிட்டார் கேபிளில் பெடலிலிருந்து டி.ஐ. பாக்ஸுக்கு (சிக்னலை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வாருங்கள், அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்சரின் மைக் இன்புட்டுக்குப் போங்கள். மோனோ ஜாக் செருகும்போது வலது சேனல் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். கிட்டாருக்காகச் செய்த பெடல்கள் பொதுவாக இதைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. என்றாலும் உங்கள் கையேட்டில் மோனோ கேபிளுக்கு அனுமதி உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடது, வலது எனத் தனித்தனி அவுட்புட் உள்ள பெடலாக இருந்தால் ‘மோனோ’ என்று குறித்த பக்கத்தை மட்டும் எடுங்கள்.

டி.ஐ. பாக்ஸைத் தவிர்க்க வேண்டாம். ஆறேழு மீட்டருக்கு மேல் போகும் கிட்டார் கேபிள் மேடை விளக்குகளின் இரைச்சலைச் சேகரித்துக்கொண்டே வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஜாக்கை எக்ஸ்எல்ஆர் ஆக மாற்றும் வெறும் கேபிளைப் போட்டு, மைக்குகளுக்காக மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஆன் ஆகியிருந்தால், அந்த மின்சாரம் பெடலின் அவுட்புட்டுக்குள் நுழைந்து அதைக் கெடுத்துவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, தனக்கென மின்சாரம் கேட்காத பாஸிவ் டி.ஐ. இதைத் தடுத்துவிடும். பெடலிலிருந்து வரும் சிக்னல் ஏற்கெனவே வலுவானது என்பதால் விலை குறைந்த பாஸிவ் டி.ஐ.யே போதும். பாஸிவ் பிக்அப் உள்ள பேஸை நேரடியாகச் செருகும்போதுதான் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டி.ஐ. உகந்தது. ஹம் வந்தால் டி.ஐ.யில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். மின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஏன் புதைகிறது

குறைந்த சத்தத்தில் நம் காது தாழ்ந்த சுரங்களைச் சரியாகக் கேட்காது. சத்தம் கூடக் கூட அவை மேலெழும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது ‘பேஸ் போதவில்லையே’ என்று தாழ்பகுதியை ஏற்றுவீர்கள், நடுப்பகுதியைக் குறைத்து ஒலியை மெருகேற்றுவீர்கள். அதே பேட்ச் பெரிய ஸ்பீக்கரில் வந்ததும் கீழே குமுறல் மட்டும் மிஞ்சும். எந்தச் சுரம் வாசிக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் நடுப்பகுதி இருக்காது. அதனால்தான் டிரம்ஸ் உங்களை விழுங்குகிறது.

திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆனால் அந்தச் சுரத்தின் வலு பெரும்பாலும் அதன் இரண்டாம் மடங்கான 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. ஆகவே 35 ஹெர்ட்ஸ் வாக்கில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போடுவதால் இழப்பு ஒன்றுமில்லை. தந்தியில் கை படும் சத்தமும் மேடை அதிர்வும் போய்விடும். ஐந்து தந்தி பேஸாக இருந்தால் பி ஸ்ட்ரிங் சுமார் 31 ஹெர்ட்ஸ் என்பதால் ஃபில்டரை 30-க்கு இறக்குங்கள். கிக் டிரம் 60 ஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்துக்குப் போட்டி போடாமல் 80 முதல் 100 வரை உங்கள் ஒலியின் கனத்தை வையுங்கள். 200 முதல் 300 ஹெர்ட்ஸில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் மந்தம் தெளியும். பிறகு 700 முதல் 1000 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் இது மூக்கால் பேசுவது போல இருக்கும், பிடிக்காது. குழுவோடு கேட்டால்தான் அருமை தெரியும். தனியாகக் கேட்டு அழகாக இருக்கும் பேஸ் ஒலியும் குழுவில் பிடிபடும் பேஸ் ஒலியும் ஒன்றல்ல என்பதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.

ஆகவே பேட்ச் அமைக்கும் வேலையை ஒத்திகையில், டிரம்ஸும் கீபோர்டும் ஒலிக்கும்போது, மேடை அளவுச் சத்தத்தில் செய்யுங்கள். அதற்கு வழியில்லையென்றால் வீட்டில் பாடல் ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்து அமையுங்கள்.

அடிப்படை ஒலியின் வரிசை

டியூனர் முதலில். ஆக்டேவர் (ஓர் ஆக்டேவ் கீழான சுரத்தைச் சேர்ப்பது), ஆட்டோ வா (வாசிக்கும் அழுத்தத்துக்கேற்ப ஒலியின் நிறத்தைத் திறந்து மூடுவது) போன்றவை இருந்தால் அடுத்து. இவை உங்கள் விரலின் அழுத்த வேறுபாட்டையும் சுரத்தின் தூய்மையையும் நம்பி இயங்குபவை. சத்த வேறுபாட்டைச் சமன் செய்யும் கம்ப்ரசருக்குப் பின்னால் வைத்தால் ஆட்டோ வா திறப்பதே தெரியாமல் சோர்ந்துபோகும். பிறகு கம்ப்ரசர், டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஆம்ப் மாடல் (ஆம்பின் ஒலியைப் போலச் செய்வது), ஈக்யூ (தாழ், நடு, உயர் பகுதிகளை ஏற்றி இறக்குவது). கோரஸும் டிலேயும் கடைசியில்.

இதில் எப்போதும் ஆன் ஆக இருக்க வேண்டியவை கம்ப்ரசர், ஆம்ப் மாடல், ஈக்யூ மூன்றும்தான். கம்ப்ரசரில் ரேஷியோ 4-க்கு 1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 20 முதல் 40 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்) 100 முதல் 150 என்று தொடங்குங்கள். பலமாக வாசிக்கும்போது நான்கைந்து டெசிபல் குறைந்தால் போதும். அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் விரல் தந்தியை விடும் அந்த முதல் தட்டு நசுங்கிவிடும், தாளம் சொல்வதே அந்தத் தட்டுதான். பெடலில் ஒரே ஒரு ‘சென்ஸ்’ குமிழ் மட்டும் இருந்தால், நசுங்குவது காதுக்குத் தெரியும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

டிரைவ் போட்டால் அடிநாதம் மெலிந்துபோவது இயல்பு. மிக்ஸ் அல்லது பிளெண்ட் குமிழ் உள்ள டிரைவைத் தேர்ந்தெடுத்து, சுத்தமான ஒலி பாதிக்குக் குறையாமல் வையுங்கள். ஆக்டேவர் ஈ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃபிரெட்டுக்குக் கீழே தடுமாறும். கீழே இன்னொரு ஆக்டேவ் போனால் 20 ஹெர்ட்ஸ், அதைச் சரியாக ஒலிக்கும் மேடை ஸ்பீக்கர் அரிது. நெக் பிக்அப்பில், டோன் குமிழைக் குறைத்து, மேல் ஃபிரெட்டுகளில் வாசித்தால் நன்றாகப் பிடிக்கும். ரிவர்ப் வேண்டாம். அரங்கமே வேண்டிய அளவுக்குத் தந்துவிடும்.

ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி தரும் நிறத்தைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. மிக்சருக்கு நேரே போகும்போது அது ஆன் ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் டிரைவ் ஒலி கொசு ரீங்காரம் போல் கூசும். மேடையில் உண்மையான பேஸ் ஆம்ப் இருந்து அதற்குள்ளும் பெடல் போகிறதென்றால், கேபினெட்டின் நிறம் இரண்டு முறை ஏறி ஒலி போர்வைக்குள் இருப்பது போல் மங்கும். ஆம்ப் மட்டும்தான் என்றால் சிமுலேஷனை அணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் போகிறதென்றால் கேட்பவர்களுக்குப் போகும் மிக்சர் சிக்னலுக்கே முன்னுரிமை: சிக்னலை அப்படியே வெளியே தரும் டி.ஐ.யின் ‘த்ரூ’ துளையிலிருந்து ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் கொடுங்கள். ஒலிக்கு நிறம் சேர்க்கும் அதன் முன்பகுதியான பிரீஆம்ப் விலகிவிடும், நிறமேறுவதும் ஓரளவு குறையும்.

சத்தம் ஏறி இறங்கும் பேட்ச்கள்

பெடலின் மாஸ்டர் வால்யூம் குமிழ் பல பெடல்களில் பேட்சோடு சேர்ந்து பதிவாகாது. அதை முக்கால் பாகத்தில் வைத்து, அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு அடிப்படை பேட்சை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் அதோடு மாற்றி மாற்றி, அந்தந்தப் பாடலில் வாசிக்கப்போகும் பகுதியையே வாசித்து, பேட்ச் லெவலில் சமன் செய்யுங்கள். மிக்சரின் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: ஸ்லாப் வாசிப்பில் உச்சம் மட்டும் துள்ளும், டிரைவில் உச்சமே இல்லாமல் சராசரி ஏறி நிற்கும். முடிவு சொல்ல வேண்டியது காது, அதுவும் மேடைச் சத்தத்தில். உள்ளேயே பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் முதலில் இன்புட் திணறுகிறதா என்று பாருங்கள். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பலமான சுரம் கரகரத்தால் பேஸிலேயே வால்யூமைக் குறைக்க வேண்டும். உள்ளே எந்தக் குமிழைத் திருப்பினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

இதில் பாதித் தொல்லை பேட்ச் மாற்றுவதாலேயே வருகிறது. பேட்ச் மாறும் கணத்தில் பல பெடல்களில் ஒலி லேசாக அறுபடும், டிலேயின் வால் துண்டிக்கப்படும். ஒரே பேட்சுக்குள் டிரைவையோ ஆக்டேவரையோ மட்டும் ஆன், ஆஃப் செய்யும்படி ஃபுட்ஸ்விட்சை அமைத்துக்கொண்டால் இரண்டு சங்கடமும் தீரும். பேட்ச் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பாடல் வரிசைப்படியே அவற்றை அடுக்குங்கள். அடிப்படை ஒலியை இடையிடையே மீண்டும் நகலெடுத்து வைத்தால், எப்போதும் ‘அடுத்தது’ என்று ஒரே ஸ்விட்சை மிதித்தால் போதும். இருட்டில் குனிந்து எண் தேட வேண்டியதில்லை.

டிஜிட்டல் பெடலில் ஒலி தாமதமாகுமே என்ற பயம் வேண்டாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. பெடலின் தாமதம் சில மில்லிசெகண்ட். ஆம்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பது மாதிரிதான். டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் மிக்சர், இன் இயர் மானிட்டர் எல்லாம் வரிசையாகச் சேரும்போதுதான் விரலில் ஒட்டாத உணர்வு தலைகாட்டும். அப்போது முதலில் வயர்லெஸ்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

மின்சாரம்

மேடையில் அடாப்டர், பையில் பேட்டரி. அடாப்டரின் வோல்டேஜும் போலாரிட்டியும் பெடலில் அச்சிட்டிருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். பெரும்பாலும் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். மில்லிஆம்பியர் மட்டும் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஒரே அடாப்டரிலிருந்து மற்ற அனலாக் பெடல்களுக்கும் கிளை பிரித்தால் கீச்சென்ற டிஜிட்டல் இரைச்சல் கலக்கும். யூஎஸ்பி வழியாகப் பவர் பேங்க் கொடுப்பவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும்: பெடல் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், ‘எதுவும் செருகப்படவில்லை’ என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பெடலுக்குள்ளேயும் ஆட்டோ பவர் ஆஃப் அமைப்பு இருக்கலாம், அதை அணையுங்கள். பேட்டரி வகையைக் கேட்கும் மெனு இருந்தால் அல்கலைனா, ரீசார்ஜபிளா என்று சரியாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவைத் தவறாகக் காட்டும்.

ஆம்ப் இல்லாத மேடையில் உங்களுக்கு நீங்கள் கேட்பது முழுக்க, வாசிப்பவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரின் கையில். சவுண்ட் இன்ஜினியரிடம் பேஸை மானிட்டரில் கேளுங்கள். அதே மூச்சில், மானிட்டரில் மட்டும் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். சின்ன மானிட்டர் தாழ்சுரத்தோடு போராடுவதை நிறுத்தினால் உங்கள் நடுப்பகுதி தெளிவாக வரும். சவுண்ட் செக்கில் முதலில் அடிப்படை ஒலி, பிறகு உங்களிடம் உள்ளதிலேயே மிகச் சத்தமான பேட்ச், இரண்டையும் வாசித்துக் காட்டினால்தான் அவர் கெயினைச் சரியாக வைப்பார்.

பெடல் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். டி.ஐ.க்குள் போகும் ஜாக்கைப் பிடுங்கும் முன் சவுண்ட் இன்ஜினியருக்குக் கையசைத்து சேனலை மியூட் செய்யச் சொல்ல வேண்டும். பிறகு பேஸின் கேபிளை நேராக டி.ஐ.யில் செருக வேண்டும். பேஸிலிருந்து டி.ஐ. வரை எட்டும் நீளத்தில் அந்தக் கேபிள் இருக்கிறதா என்று இன்றே அளந்துவிடுங்கள்.