வயரே இல்லாமல் எரியும் சின்ன எல்.ஈ.டி. விளக்குகளை வீட்டில் செய்ய முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கண்காட்சிக்குத் தேயிலைத் தோட்ட மாதிரி செய்கிறார்கள். லயத்து வீடுகளுக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வயர் இழுக்காமல் எல்.ஈ.டி. எரிய வேண்டும். வீடியோ பார்த்துச் செய்ததில், சுருளோடு ஒட்டி வைத்தால் மங்கலாக எரிகிறது, கொஞ்சம் தூக்கினால் அணைந்துவிடுகிறது.

முடியும். உங்கள் கைவேலையில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை, பிழை அந்த சர்க்கிட்டில்தான். 2என்2222 திரான்சிஸ்டர் ஒன்று, நடுவில் கிளை எடுத்த 15+15 சுற்றுச் சுருள், ஒரு ரெசிஸ்டர், 1.5 வோல்ட் பெட்டரி என்றுதானே செய்திருப்பீர்கள்? அது அலையும், அதாவது மின்னோட்டத்தை முன்னும் பின்னுமாக மாற்றும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, தீர்மானிப்பது சுருளும் திரான்சிஸ்டருக்குள் தற்செயலாக இருக்கும் கொள்ளளவும். பெட்டரி இறங்கினால் மாறும், கை கிட்டப் போனால் மாறும். மீடிறன் ஓரிடத்தில் நிற்காவிட்டால் வாங்கும் சுருளை அதற்கு இசைவாக்க வழியில்லை. இசைவாக்காத சுருளை லயத்து வீட்டுக்குள் ஒளிக்கும் அளவுக்குச் சின்னதாகச் செய்தால் எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

கணக்கைப் பாருங்கள். கீழே சொல்லும் அனுப்பும் சுருளின் நடுவில், 1 செ.மீ. விட்டமுள்ள 20 சுற்றுச் சுருளில் தூண்டப்படும் அழுத்தம் ஏறக்குறைய 0.2 வோல்ட். சிவப்பு எல்.ஈ.டி.க்கே 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3 வோல்ட். அதே சுருளுக்குக் குறுக்கே சரியான கெப்பாசிட்டரைப் போட்டுப் பரிவுக்கு, அதாவது அனுப்பும் சுருளின் அதே மீடிறனில் தானும் அலையும் நிலைக்கு, கொண்டுவந்தால் அழுத்தம் 4 வோல்டைத் தாண்டும். கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் அந்த ஒரு துண்டைத்தான் வீடியோக்களில் விட்டுவிடுகிறார்கள்.

அனுப்பும் பக்கம். 15 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 22 கேஜ் எனாமல் கம்பியை 3 சுற்று சுற்றி, ஒரு முறுக்கு விட்டுக் கிளை எடுத்து, அதே திசையில் இன்னும் 3 சுற்று. திசை மாறினால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அழித்துவிடும், கவனம். கம்பிக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மோட்டார் வைண்டிங் செய்யும் கடையில் நிறுத்துத் தருவார்கள். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 நானோ ஃபரட் கெப்பாசிட்டர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிலோ ஹேர்ட்ஸில் அலையும்.

ஓட்டுவதற்கு இரண்டு ஐ.ஆர்.எஃப். 520 மொஸ்பெட். மொஸ்பெட் என்பது சுவிட்ச் போலத் திறந்து மூடும் ஒரு வகைத் திரான்சிஸ்டர், கேட், டிரெயின், சோர்ஸ் என்பவை அதன் மூன்று கால்கள். சுருளின் ஒரு முனை முதலாவதன் டிரெயினுக்கு, மறுமுனை இரண்டாவதன் டிரெயினுக்கு. சோர்ஸ் இரண்டும் மறைக்கு (மைனஸ் பக்கம்). ஒவ்வொரு கேட்டில் இருந்தும் 470 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் 12 வோல்ட் நேர்ப்பக்கத்துக்கு, 10 கிலோ ஓம் மறைக்கு. பிறகு யூ.எஃப். 4007 டயோட் இரண்டு, குறுக்கு மறுக்காக: ஒன்றின் கேட்டில் இருந்து மற்றதன் டிரெயினுக்கு, கோடு போட்ட முனை டிரெயின் பக்கம். கடையில் யூ.எஃப். இல்லை என்று 1என்4007 தருவார்கள், வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது 50 ஹேர்ட்ஸ் வேலைக்கானது. 200 கிலோ ஹேர்ட்ஸில் நேரத்துக்கு அணையாது, மொஸ்பெட் கொதிக்கும். அதேபோல ஐ.ஆர்.எஃப்.இசட். 44 கூடுதல் அம்பியர் தாங்கும் என்று அதைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. அதன் கேட் கொள்ளளவு 520ஐப் போல சுமார் நான்கு மடங்கு. 470 ஓம் வழியாக அது நிரம்பவே நேரம் போய்விடும். இந்த வேலைக்கு 520தான் சரி.

12 வோல்ட் நேர்ப்பக்கம் நேராகக் கிளைக்குப் போகக் கூடாது, நடுவில் 100 மைக்ரோ ஹென்றி சோக் (மின்னோட்டம் சட்டென்று மாறாமல் தடுக்கும் சுருள்) வேண்டும். பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் இருக்கும். அதன் வெளி விட்டம் 27 மி.மீ. என்றால், பழைய கம்பியை அவிழ்த்துவிட்டு 33 சுற்றுச் சுற்றுங்கள், 100 மைக்ரோ ஹென்றி வந்துவிடும்.

இந்த சர்க்கிட்டின் ஒரே கெட்ட குணம், அழுத்தம் மெதுவாக ஏறினால் இரண்டு மொஸ்பெட்டும் ஒன்றாகத் திறந்து அப்படியே நின்றுவிடும். அலை வராது, மின்னோட்டம் மட்டும் பாயும், புகை வரும். ஆகவே 12 வோல்ட் எடப்டரை முதலில் பிளக்கில் போட்டுவிட்டு, 12 வோல்ட் பக்கத்தில் வைத்த சுவிட்சால் ஓட்டுங்கள். சுவிட்சுக்கு முன்னால் 1 அம்பியர் ஃபியூஸ் கட்டாயம். விளக்கு எதுவும் வைக்காமல் ஓடும்போது 100 முதல் 200 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம். அரை அம்பியரைத் தாண்டினால் உடனே நிறுத்தி டயோட் திசையையும் கிளையையும் பாருங்கள்.

47 நானோ கெப்பாசிட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பரிவில் அதன் வழியாக 1.5 அம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண பச்சை மைலார் என்றால் முக்கால் வாட்டுக்கு மேல் அதிலேயே வெப்பமாகும். சில நிமிடத்தில் கை வைக்க முடியாது, பிறகு மேல்பூச்சு உப்பும். பொலிப்ரொப்பிலீன் என்றால் இளஞ்சூடுகூட வராது. உடலில் எம்.கே.பி. என்று அச்சிட்டிருந்தால் அது பொலிப்ரொப்பிலீன், எம்.கே.டி. என்றால் பொலியெஸ்டர், வேண்டாம். பழைய பெட்டி டிவி போர்டில் பிளைபேக் என்ற உயர் அழுத்த டிரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் தேடினால் பொலிப்ரொப்பிலீன் கிடைக்கும்.

இனி வாங்கும் சுருள். ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய பெட்டரி 10.5 மி.மீ. விட்டம். அதன் மேல் ஒரு சுற்றுக் கடதாசி சுற்றி, அதன் மேல் 36 கேஜ் கம்பியை 20 சுற்று, நெருக்கமாக. கடதாசியோடு உருவி எடுத்து, நெயில் பொலிஷ் தடவிக் காயவிடுங்கள். மார்கழி, தை மாதத்து மூடுபனியில் ஈரம் ஏறி இணைப்பு பச்சை பூக்காமல் இருக்கவும் அதுவே போதும். குறுக்கே 100 நானோ கெப்பாசிட்டர்: 104 என்ற எண்ணுக்குப் பின்னால் ஜே எழுத்து இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், அது 5 சதவீதத்துக்குள் நிற்கும். மலிவான தட்டு செராமிக்கை நம்பக்கூடாது, எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. கெப்பாசிட்டருக்குக் குறுக்கே இரண்டு எல்.ஈ.டி., ஒன்றுக்கொன்று தலைகீழாக. எல்.ஈ.டி. தலைகீழாகத் தாங்குவது 5 வோல்ட் அளவுதான். இப்படிப் போட்டால் ஒன்றையொன்று காப்பாற்றும், அலையின் இரண்டு பாதியும் வெளிச்சமாகும். இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும்.

எரியாததற்கு அதிகம் காணும் காரணம் எனாமல் சரியாகப் போகாததுதான். 36 கேஜ் கம்பியைப் பிளேடால் சுரண்டினால் அறுந்துவிடும். நைசான மண்கடதாசியை மடித்து, நடுவில் முனையை வைத்து மெதுவாக இழுங்கள். கடும் சிவப்பு போய் வெளிர் ரோஸ் நிறம் முழுச்சுற்றும் தெரிய வேண்டும். எனாமல் மிச்சம் இருந்தால் ஈயம் உருண்டையாகி வழுக்கி விழும். பிடித்த இடத்தில் கம்பியோடு ஒட்டிப் பரவும்.

இசைவு பார்க்க ஒசிலோஸ்கோப் தேவையில்லை. சிவப்பு எல்.ஈ.டி. போட்ட சுருளை அனுப்பும் சுருளுக்கு மேல் மங்கலாக எரியும் உயரத்தில் பிடியுங்கள். பழைய ரேடியோவின் ஃபெரைட் கோலைச் சின்னச் சுருளுக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது வெளிச்சம் கூடினால் ஒரு சுற்றுச் சேர்க்க வேண்டும். தடித்த செம்புக் கம்பியில் செய்த மூடிய வளையத்தைக் கொண்டுபோகும்போது கூடினால் ஒரு சுற்று அவிழ்க்க வேண்டும். இரண்டுக்கும் மங்கினால் சரியான இடத்தில் நிற்கிறது. அனுப்பும் மீடிறனை அறிய ஏ.எம். ரேடியோ போதும்: 200 கிலோ ஹேர்ட்ஸ் என்றால் அதன் மூன்று மடங்கான 600இலும் ஐந்து மடங்கான 1000இலும் இரைச்சல் சட்டென்று மாறுவது கேட்கும்.

சின்னச் சுருள் பெரிய சுருளுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஒன்றும் வராது. 3 செ.மீ. உயரத்தில் புலம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், 7.5 செ.மீ.யில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். ஆகவே ரிஜிபோமில் (வெள்ளை நுரைப் பலகை) மலை செதுக்கும்போது லயம் வரும் இடத்தைத் தாழ்வாக வையுங்கள். கூரைக்குத் தகரத்துண்டு ஒட்டும் ஆசை வேண்டாம், வெள்ளிக் கடதாசியும் வேண்டாம். உலோகத்தகடு புலத்தைத் தின்றுவிடும். அட்டையை மடித்து வண்ணம் பூசினால் தகரம் போலவே இருக்கும். இரும்பு மேசையிலும் வைக்காதீர்கள். இரண்டு சின்னச் சுருளுக்கு நடுவில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் ஒன்று மற்றதன் இசைவைக் கெடுக்கும். 15 செ.மீ. வட்டத்துக்குள் ஏழெட்டு வீடு வைக்கலாம்.

இப்படிச் செய்யாமல் கைபேசியின் வயர்லெஸ் சார்ஜரை அடியில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது மேலே வைத்த கருவி திரும்பிப் பதில் சொன்னால்தான் மின்சாரம் அனுப்பும். வெறும் சுருளைக் கண்டால் விட்டுவிட்டுத் தட்டிப் பார்த்து நின்றுவிடும்.

கிளாஸ் ஈ பெருக்கி என்ற வேறு வகை ஓட்டும் சர்க்கிட் இதைவிடத் திறமையானது என்று பொறியியலாளர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்ய ஒசிலோஸ்கோப் வேண்டும். இது தானாகவே தன் சுருளின் மீடிறனைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வீண்தானே என்றால், ஆம், ஒரு விளக்குக்குப் போய்ச் சேர்வது 10 மில்லி வாட் அளவு, சர்க்கிட் தின்பது ஒரு வாட்டுக்கு மேல். 2007இல் எம்.ஐ.டி.யில் 2 மீற்றர் தூரத்தில் 60 வாட் பல்பை எரித்தபோதும் ஏறக்குறைய 40 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. பரிவின் கொள்கையைக் காட்டத்தான் இந்த மாதிரி, மின்கட்டணத்தைக் குறைக்க அல்ல.

கேள்விக்கு வெளியே ஒன்று, மனதில் இருப்பதால் எழுதுகிறேன். கண்காட்சிகளில் புள்ளி போடுகிறவர்கள் ரிஜிபோமின் அழகைப் பார்க்கிறார்கள், மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை. எல்.ஈ.டி.க்கு அடியில் பட்டன் செல்லை ஒளித்தவனுக்கும், சுற்று எண்ணி, எனாமல் தேய்த்து, இசைவு பார்த்தவளுக்கும் ஒரே புள்ளி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கவே பஸ் ஏறி நகரத்துப் பாடசாலைக்குப் போகவேண்டிய தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளை கையால் செய்ததை ஒரு கேள்வியாவது கேட்டுப் பார்க்கக்கூடாதா? உங்கள் மாணவர்கள் சின்னச் சுருளைக் கையில் எடுத்து, கெப்பாசிட்டர் உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கிட்ட வர வேண்டாம் என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். கைபேசி, வங்கி அட்டை எதையும் சுருள் மேல் வைக்க விடாதீர்கள். மோதிரம் போட்ட கையை உள்ளே வைத்திருந்தால் மோதிரம் சூடேறலாம். சுருளோடு நீள வயர் எதையும் சேர்த்து ஏரியல் ஆக்க வேண்டாம், 200 கிலோ ஹேர்ட்ஸ் பக்கம் விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ நிலையங்கள் இயங்கும் பகுதி.

செய்தும் எரியவில்லை என்றால் சின்னச் சுருளின் சுற்று எண்ணிக்கை, இரண்டு கெப்பாசிட்டரிலும் அச்சிட்டிருக்கும் எழுத்து, வெறுமனே ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம் மூன்றையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.