ஒரே குலம், இரண்டு நாடு: பிமா மக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் சர்க்கரை நோய் பற்றிப் பதில் எழுதும்போது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். "அதே குலத்தவர் மெக்சிகோ மலையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக இல்லை" என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவர்களைப் பற்றியே பேசிவிடலாம்.

எங்கள் மில்லுக்கு 'பிமா' என்ற பஞ்சு அமெரிக்காவிலிருந்து வருகிறது. நீங்கள் எழுதிய பிமாவும் அதுவும் ஒன்றா?
(வாசகர், திருப்பூர்)

ஒன்றேதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தியப் பருத்தியிலிருந்து நீள இழைப் பருத்தி ஒன்றை உருவாக்க அமெரிக்க வேளாண்மைத் துறை முயன்றது. அதற்கான சோதனைப் பண்ணை இருந்த இடம் சாக்கடோன், பிமா மக்களின் ஊர். விதைத்து, களையெடுத்து, பஞ்சு பறித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நன்றிக்காகத்தான் பருத்திக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள். உலகமெங்கும் விலை உயர்ந்த சட்டைகளில் அந்தப் பெயர் ஏறியது. அதே காலத்தில் அந்த மக்களின் சொந்த வயல்கள் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தன. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அம்மா, மெக்சிகோ பக்கம் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு என்றால், அவர்கள்தான் நன்றாக வாழ்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? உங்கள் வரியைப் படித்ததிலிருந்து என் மாமியார், "பார்த்தியா, அந்தக் காலத்து வாழ்க்கைதான் வாழ்க்கை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.
(வாசகி, தேனி)

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அந்த மலை மக்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017-ல் மகளின் பிரசவத்துக்காக அரிசோனாவில் சேண்ட்லர் நகரில் ஐந்து மாதம் இருந்தேன். ஐ.டி. வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். மகள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே போனால் பிமாக்களின் ரிசர்வேஷன், அதாவது பழங்குடியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம், தொடங்கிவிடும். நெடுஞ்சாலை அதன் நடுவே போகிறது. ஒரு பாலத்தில் ஆற்றின் பெயர்ப்பலகை இருந்தது. எழுத்தில் 'கிலா', அங்கே எல்லோரும் சொல்வது 'ஹீலா'. மருமகனிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி எட்டிப் பார்த்தேன். மணல், முட்புதர், பிளாஸ்டிக் பை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மதுரையில் 31 வருடம் அரசு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருந்தவள் நான். வறண்ட ஆறு எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் 'ஆகிமெல் ஓஓதம்'. ஆற்று மக்கள் என்று பொருள். பெயரில் இருக்கிற ஆறு நிலத்தில் இல்லை.

அந்த ஆறு ஓடிய காலத்தில் அவர்கள் ஏழைகள் அல்ல. அவர்களுக்கு முன்னோரான ஹூஹூகம் மக்கள் வெட்டிய கால்வாய்களின் தடம் இன்றும் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறது. 1849-ல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போன கூட்டம், பாலைவனத்தைத் தாண்டும்போது பிமாக்களிடம்தான் கோதுமையும் பயறும் வாங்கிச் சாப்பிட்டது. 1860-களில் அமெரிக்க ராணுவத்துக்கே லட்சக்கணக்கான பவுண்டு கோதுமை விற்றார்கள். 1859-ல் அரசு அவர்களுக்கு ரிசர்வேஷன் என்று நிலத்தை அளந்து கொடுத்தது. தண்ணீரை அளந்து கொடுக்கவில்லை. ஆற்றின் மேல்பக்கம் குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகள் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். 1880-களிலிருந்து கீழே வயல் காய ஆரம்பித்தது. அடுத்த சில பத்தாண்டுகளைப் பஞ்ச காலம் என்றே வரலாற்றில் எழுதுகிறார்கள். விவசாயம் செய்த கை, ஊரைச் சுற்றி நின்ற மெஸ்கீட் மரங்களை வெட்டி, விறகாக நகரத்தில் விற்றுப் பிழைத்தது. இந்த மெஸ்கீட் வேறு எதுவும் இல்லை, நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் சொந்தக்கார மரம். அதன் காய் அவர்களுக்குச் சாப்பாடு. சாப்பாடு தந்த மரத்தை வெட்டித்தான் சாப்பிட வேண்டி வந்தது.

1930-ல் அந்த ஆற்றின் குறுக்கே கூலிட்ஜ் அணையைத் திறந்தார்கள். பிமாக்களுக்குத் தண்ணீர் வரும் என்றார்கள். தேவையான அளவு வரவே இல்லை. அப்புறம் வந்தது அரசு உணவு உதவி. வெள்ளை மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டப்பா உணவு. இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்? அந்த மாவைப் பிசைந்து, உருட்டி, கையால் தட்டி, கொழுப்பில் பொரித்தெடுப்பதுதான் 'ஃப்ரை பிரெட்'. ஒரு சந்தையில் வாங்கித் தின்றேன். தட்டு அகலத்துக்கு நம் பட்டூரா மாதிரி உப்பி வந்தது. மேலே தேன். ருசியாகவே இருந்தது. தினமும் அதைத் தின்று, வயல் வேலையும் போய்விட்ட உடம்பு என்னவாகும் என்று ஒரு உணவியல்காரிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இனி மலைப் பக்கம் போவோம். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், சிவாவா எல்லையை ஒட்டிய மலைக்குள் மைகோபா என்ற ஊர். நான் அங்கே போனதில்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். அங்குள்ள பிமாக்களும் அரிசோனாக்காரர்களும் பல நூறு வருடங்களுக்கு முன்பே பிரிந்தவர்கள். அமெரிக்க எல்லைக்கோடு வந்ததால் பிரிந்தார்கள் என்று சிலர் சொல்வது தவறு. சிறுசிறு குடியிருப்புகளாக, பைன், ஓக் காட்டுக்குள் சிதறி வாழ்கிறார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், உருளைக்கிழங்கு. சரிவில் ஏர் உழுவது, விறகு சுமப்பது, தண்ணீர் எடுப்பது, சோளம் அரைப்பது என்று எல்லாமே உடம்பால் செய்கிற வேலை. 1990-களில் தார்ச்சாலை வரும்வரை வெளியுலகத் தொடர்பே மிகக் குறைவு.

1994-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் மைகோபாவைச் சேர்ந்த 35 பேரை அளந்தார்கள். சராசரி எடை 64 கிலோ. அரிசோனா பிமாக்களுக்கு 90. அடுத்து, 2006-ல் வந்த பெரிய ஆய்வு. சர்க்கரை நோய் அரிசோனா பிமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு, மெக்சிகோ பிமாக்களில் 7 பேருக்கு. உங்கள் மாமியாருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

காட்டிவிட்டு இதையும் சொல்லுங்கள். மைகோபாவில் பிமாக்கள் மட்டும் இல்லை. அவர்கள் 'பிளாங்கோ', அதாவது வெள்ளையர், என்று சொல்கிற கலப்பின மெக்சிகோக்காரர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம், மாடு, கடை, வண்டி எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். பிமா ஆண்கள் அவர்களுடைய பண்ணையிலும், மர அறுவை ஆலையிலும், சுரங்கத்திலும் கூலிக்குப் போவார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களுடையதாக இருந்த நிலத்திலேயே கூலி. பள்ளி எட்டாத குழந்தைகள், அவசரத்துக்கு மருத்துவர் இல்லாத கர்ப்பிணிகள், கூலி கிடைக்காத மாதங்கள். அந்த 64 கிலோவை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்தே கழிந்த உடம்பின் எடை அது. அதை 'ஆரோக்கியமான பழைய வாழ்க்கை' என்று நாம் தூரத்திலிருந்து பாராட்டினால், அந்த வீட்டில் விறகு சுமக்கிற பெண் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சரி, யார் நன்றாக வாழ்கிறார்கள்? மருத்துவமனை, பள்ளி, குழாய்த் தண்ணீர், கையில் காசு என்று பார்த்தால் அரிசோனாக்காரர்கள் பல மடங்கு மேலே. ஆனால் அங்கே சர்க்கரை நோயால் பலருக்கு நடுவயதிலேயே சிறுநீரகம் போகிறது, ரிசர்வேஷனுக்குள்ளேயே டயாலிசிஸ் மையம் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு மாவு மூட்டை கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு எதுவுமே கொடுக்கவில்லை. இதில் எது மேல் என்று தராசு பிடிக்க என் மனம் ஒப்பவில்லை.

இது மரபணு விஷயம்தான் என்று என் டாக்டர் மகன் அடித்துச் சொல்கிறான். நீங்கள் தண்ணீர், நிலம் என்று சுற்றி வளைக்கிறீர்களே?
(வாசகர், பாளையங்கோட்டை)

உங்கள் மகன் படித்தது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர், பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு கிடைத்ததையெல்லாம் சேமிக்கும், வளம் வந்ததும் அதுவே நோயாகும் என்று ஒரு கருத்தைச் சொன்னார். பிமாக்கள் அதற்கு உதாரணமாகிப் போனார்கள். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2006 ஆய்வில் மைகோபாவின் மற்ற மெக்சிகோக்காரர்களுக்கு நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவாகத்தான் நோய் இருந்தது, பிமாக்களுக்கு 7. ஒரே மலை, ஏறக்குறைய ஒரே சோளம், ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் 7 எங்கே, 38 எங்கே? ரத்தம் ஒன்றாக இருக்க, இந்த இடைவெளியை உண்டாக்கியது எது? அதைத்தான் தண்ணீர், நிலம் என்கிறேன்.

இன்னொன்று. 2010-ல் ஆய்வாளர்கள் மைகோபாவுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் மின்சாரமும் கடையும் வண்டியும் வந்திருந்தன. உடல் பருமன் இரண்டு தரப்பிலும் கூடியிருந்தது. சர்க்கரை நோய் வேகமாக ஏறியிருந்தது யாருக்குத் தெரியுமா? பிமாக்களுக்கு அல்ல, வசதி முதலில் போய்ச் சேர்ந்த பிளாங்கோக்களுக்கு. இதை உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் இதையும் சொல்லுங்கள். 1965 முதல் 40 வருடத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரிசோனா பிமா மக்கள் சர்க்கரை நோய் ஆய்வுக்காக வந்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார்கள். கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் பின்னாளில் வரும் வாய்ப்பு கூடும் என்று தெளிவாகக் காட்டியவர்கள் பிமா தாய்மார்கள். இன்று நம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறோமே, அதற்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களை 'கெட்ட மரபணுக்காரர்கள்' என்று ஒரு வார்த்தையில் முடிப்பது நன்றி கெட்ட செயல்.

நான் சேண்ட்லரில்தான் இருக்கிறேன். ரிசர்வேஷனில் கேசினோக்கள் (சூதாட்ட விடுதிகள்) ஜொலிக்கின்றன. இவ்வளவு வருமானம் இருந்தும் ஏன் அந்த ஊர்கள் அப்படியே இருக்கின்றன?
(வாசகர், அரிசோனா)

அப்படியே இல்லை. 1990-களில் தொடங்கிய கேசினோ வருமானம் மருத்துவமனை, பள்ளி, காவல் துறை, வீடு கட்டுதல் என்று போகிறது. நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படுவது விளக்குதான். உள்ளே போனால் சாக்கடோன் மருத்துவமனையைப் பாருங்கள். ஆனால் நூறு வருட நோயைப் பணம் முப்பது வருடத்தில் துடைத்துவிடாது.

எனக்குப் பெரிதாகப் படுவது 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். தலைமுறைகளாக வழக்காடியதன் பலனாக, ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீருக்கு அவர்களுக்கு உரிமை கிடைத்தது. ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி. இப்போது கால்வாய் வெட்டுகிறார்கள், நிலத்தடிக்கு நீர் செலுத்துகிறார்கள். அப்படிச் செலுத்தும் ஓரிடத்தில் ஆற்றுப் படுகையிலேயே நாணலும் பறவைகளும் திரும்பி வந்திருக்கின்றன. நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள்? உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஹூஹூகம் பாரம்பரிய மையம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போங்கள். அந்த மக்களின் 'நாட்காட்டிக் குச்சி' பற்றிக் கேளுங்கள். ஒரு குச்சியில் வருடத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, அந்தந்த வருடம் நடந்ததை நினைவில் வைத்துச் சொன்னவர்கள் அவர்கள்.

பிமாக்களின் பழைய உணவில் நாம் சமைக்கக்கூடியது ஏதாவது உண்டா?
(வாசகி, காரைக்குடி)

உண்டு. 'டெப்பரி' என்று ஒரு பயறு. அவர்கள் மொழியில் 'பாவி'. வெள்ளை, பழுப்பு, கருப்பு என்று நிறங்கள் உண்டு. மழை ஒன்றிரண்டு பெய்தாலே விளைந்துவிடும். ஆறு போனதோடு இதுவும் ஏறக்குறைய மறைந்துபோனது. சாக்கடோனில் ராமோனா ஃபார்ம்ஸ் என்ற குடும்பப் பண்ணை 1970-களின் கடைசியில் இதை மறுபடியும் பயிரிட்டது. மகள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். தட்டப்பயறைவிடச் சிறிசு, கல் மாதிரிக் கெட்டி. ராத்திரி முழுக்க ஊறப்போட்டும் காலையில் அடுப்பில் மூன்று மணி நேரம் பிடித்தது. கடுகு, வரமிளகாய், தேங்காய் போட்டுச் சுண்டலாகத் தாளித்தேன். மண் வாசனையோடு லேசான இனிப்பு. மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை சட்டென்று ஏறாது, ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்கவில்லை.

இங்கே கிடைக்காது. அதற்குப் பதில் கொள்ளையோ தட்டப்பயறையோ அதே மாதிரி செய்யலாம். குக்கரில் குழைய விடாதீர்கள், பயறு முழுசாக நிற்க வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாமல் ரசத்துக்கு எடுத்துவையுங்கள்.