கஞ்சி குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 52, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 86 கிலோ. நான்கு வருடமாகச் சர்க்கரை. கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை போடுகிறேன். கிளாஸ்கோவில் இருக்கும் தம்பி, மூன்று மாதம் ஷேக்கும் சூப்புமாகவே இருந்து 16 கிலோ குறைத்து, மாத்திரையையே விட்டுவிட்டான். நானும் மூன்று வேளை நொய்க்கஞ்சி குடித்துப் பார்க்கட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பி கதை அளக்கவில்லை அம்மா. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் டைன்சைடிலும் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு இதேதான். நாளுக்குச் சுமார் 850 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஓராண்டு கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை இறங்கியிருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம்! கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்ததன் பலன் அது.

ஆனால் கஞ்சி வேண்டாம். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான்; புரதம் போதாவிட்டால் தசைதான் கரையும். தம்பி குடித்த பவுடரில் புரதம், வைட்டமின், தாது உப்பெல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள்.

அதைவிட எனக்குப் பயம், சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும் உங்கள் கிளிமிப்ரைடு. என்னிடம் வரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், யாரோ விற்ற பவுடரைக் குடித்துக்கொண்டே அந்த மாத்திரையையும் விடாமல் போட்டார். மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 48-க்கு இறங்கிவிட்டது. ‘டைரக்ட்’டில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள், கண்காணிப்போடு. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, இந்த டயட்டில் இருந்துகொண்டு அப்படியே தொடரவும் கூடாது.

அவரே பிறகு முறையாக 12 வாரம் இருந்து 13 கிலோ குறைத்தார். சாப்பாடு திரும்பிய வாரம்தான் திண்டாட்டம். முதலில் ஒரு வேளை மட்டும் உணவு. மற்ற வேளை பவுடர். அவர் மனைவி சோற்றுக் கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, சாம்பார் குழிக்கரண்டியால் இரண்டே கரண்டி சோறு போட்டார். “வீட்டுலயே எனக்கு ரேஷன் சார்” என்று புலம்பினார். தினசரி காலண்டர் தாளில் எடையை எழுதி மாதாமாதம் கொண்டுவருவார். பொங்கலுக்குப் பிறகு இரண்டு மாதம் ஆளையே காணோம். நான்கு கிலோ ஏறிவிட்ட வெட்கம்! திட்டவில்லை, மறுபடி இரண்டு வாரம் பவுடர், இறங்கிவிட்டது. ‘டைரக்ட்’டிலும் இந்த மாதிரி மறுவாய்ப்பு உண்டு. அப்படியும் இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆனது.

நீங்கள் முதலில் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈ.சி.ஜி., கண் பரிசோதனை முடித்துக்கொள்ளுங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; வேகமாக இளைத்தால் அது தொல்லை கொடுக்கும். போகும்போது வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையும் அழைத்துப் போங்கள்.