குவான்டிட்டி சர்வேயர் என்பது வெறும் அளவெடுக்கும் வேலைதானே, மென்பொருள் வந்தபின் அதற்கு எதிர்காலம் உண்டா?

சிவில் படித்துவிட்டு, கட்டுமானத்தின் அளவுகளையும் செலவையும் கணக்கிடும் இந்த வேலையில் சேரலாமா என்று தயங்கும் ஒருவர் கேட்ட கேள்வியாகத் தெரிகிறது. ஒப்பந்ததாரர் தரப்பில் 16 ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கும் எனக்கு, 'வெறும்' என்ற சொல்லைக் கடந்து போக முடியவில்லை.

மென்பொருளைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு வாரம் பிடித்த கம்பிக் கணக்கு இன்று அரை நாளில் முடிகிறது. ஆனால் வரைபடத்தில் இருப்பதைத்தான் அது அளக்கும்.

வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அஸ்திவாரக் குழியின் ஒரு பகுதியில் இளகிய களிமண் தென்பட்டதால், ஆலோசகரின் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னபடி கூடுதலாகத் தோண்டி, கான்கிரீட்டால் நிரப்பினோம். அன்றே அளந்து கையெழுத்து வாங்க எனக்குத் தோன்றவில்லை. இறுதி பில்லில், வரைபட மட்டத்துக்குக் கீழே இருந்த அத்தனையையும் வெட்டிவிட்டார்கள். கட்டடத்தைப் பெயர்த்துக் காட்டவா முடியும்? தோண்டிய ஆட்களுக்குத் துணை ஒப்பந்ததாரர் தன் கைக்காசிலிருந்து கூலி கொடுத்தார். அது என் தவறு.

பல ஆண்டுகள் கழித்து வேறொரு கட்டடத்தில் அதே நிலை வந்தது. கான்கிரீட் லாரியை ஆலையிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி, சைட் மேனேஜரின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குழியில் 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாக 35 இடங்களில் ஸ்டாஃப் (அளவு குறித்த கோல்) பிடித்து மட்டம் எடுத்தோம். சராசரியாக 60 செ.மீ. கூடுதல் ஆழம், 57.6 கன மீட்டர். மட்டங்களைக் குறிக்கும் லெவல் புக்கில் ஆலோசகரின் பொறியாளர் கையெழுத்திட்டபோது அவர் விரலில் இருந்த சேறு பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இறுதி பில்லில் அந்த அளவை மறுத்தபோது அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்தேன். ஒரு கன மீட்டர்கூடக் குறையாமல் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தையும் நாம்தான் படிக்க வேண்டும். கட்டுமானத்துக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், 20.1ஆம் பிரிவின்படி, கூடுதல் பணமோ காலமோ கோரும் ஒப்பந்ததாரர், காரணம் தெரிந்த 28 நாட்களுக்குள் அறிவிப்பு கொடுக்காவிட்டால் உரிமையை இழக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகும் சைட்டில் எங்களைக் 'கணக்கப்பிள்ளை' என்று அழைப்பதும், திட்டம் முடிந்து எடுக்கும் புகைப்படத்துக்கு எங்களைக் கூப்பிட மறந்துவிடுவதும் இன்றும் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் உங்களுக்கு வந்திருப்பது சைட்டில் இருந்து பார்க்கும் வேலை என்றால், தாராளமாகச் சேருங்கள்.